கள்ளுக்கடைக்கு வெளியே நின்ற குரல்: பேராக் தோட்டங்களின் குடிப்பாட்டும் இசைத்தட்டும்

1. கேள்வி

மலேசியத் தோட்டத் தமிழரின் வாய்மொழிப் பாடல்களை ஆராய்ந்தவர்கள் கள்ளுக்கடையைத் தொடாமல் போவது அரிது. கப்பல் பயணம், கங்காணியின் கெடுபிடி, பால்மரக் காட்டின் இருட்டு, துரையின் அதிகாரம் என்று போகும் பாடுபொருள் வரிசையில் கள்ளுக்கும் ஓர் இடம் உண்டு. அந்தப் பாடல்களை இரண்டு விதமாகப் படிப்பது வழக்கமாகியிருக்கிறது. சீர்திருத்த மனம் கொண்டவர்கள் அவற்றில் ஒரு சமூகத்தின் சீரழிவைக் கண்டார்கள். முற்போக்கு மனம் கொண்டவர்கள் அடக்குமுறைக்கு ஆளானவன் தன் வலியை மறக்கக் குடித்த அவலத்தையும், அதற்குள் ஒளிந்திருக்கும் எதிர்ப்பையும் கண்டார்கள். இரண்டு தரப்புக்கும் பொதுவான ஓர் அனுமானம் உண்டு: பாட்டில் பேசுவது குடித்தவன், அல்லது குடித்தவனையும் உள்ளடக்கிய 'தொழிலாளி' என்னும் ஆண்.

இந்தக் கட்டுரை அந்த அனுமானத்தைத்தான் கேள்விக்கு உட்படுத்துகிறது. தோட்டத்தில் குடியைப் பாடியது யார்? இசைத்தட்டும் சினிமாவும் வந்த பிறகு அந்தக் குரல் என்ன ஆயிற்று? வடக்கே சுங்கை சிப்புட், கோலகங்சார், தெற்கே பத்து காஜா, தெலுக் இந்தான், பாகான் டத்தோ என்று ஈப்போவைச் சுற்றி விரியும் பேராக் தோட்டப் பகுதியை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஆனால் கள்ளுக்கடை மலாயாத் தோட்டம் முழுவதற்கும் பொதுவான ஏற்பாடு என்பதால் சிலாங்கூர், கெடா நிகழ்வுகளையும் தொட வேண்டியிருக்கிறது.

2. கள் என்னும் ஏற்பாடு

1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளிலிருந்து தொடங்கிய தொழில், அரை நூற்றாண்டுக்குள் பேராக்கின் நிலப்பரப்பையே மாற்றியது. கூடவே தமிழ்நாட்டிலிருந்து கங்காணி வழியே ஆட்கள் வந்தார்கள். 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை அந்த வரத்து நீடித்தது. பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, நிரை பிடித்து, மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. அதன் பிறகு பிற்பகலில் திறந்திருந்த இடம் கள்ளுக்கடை.

மலாயாவின் கள் தென்னங்கள். கீழ்ப் பேராக்கில், குறிப்பாகப் பாகான் டத்தோ பக்கம், தென்னந்தோட்டங்களுக்குக் குறைவில்லை. கள் காத்திருக்காது. காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்து ஏறிவிடும், மறுநாள் காடி. ஆகையால் அதைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து அடுக்கி வைத்து விற்க முடியாது. குடிப்பவர்கள் இருக்கும் இடத்திலேயே, அன்றன்றைக்கே விற்றாக வேண்டும். தோட்டத்துக்குள் கள்ளுக்கடை வந்ததற்கு நிர்வாகத்தின் தந்திரம் மட்டுமல்ல, இந்தப் பண்டத்தின் இயல்பும் ஒரு காரணம். அந்த இயல்பு பாட்டின் வடிவத்தையும் தீர்மானித்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

நிர்வாகத்தின் கணக்கு வேறு. தோட்டத்துக்குள்ளேயே கள் கிடைத்தால் ஆள் வெளியே போக மாட்டான். போதை தலைக்கேறும் சம்சு என்னும் சாராயத்துக்குப் போக மாட்டான். மறுநாள் பெரட்டுக்கு வந்து நிற்பான். அரசுக்கு உரிமக் கட்டணம். தோட்டக் கடையின் இலாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும் என்ற விதியும் இருந்தது. அதாவது, கணவன் குடித்த காசில் ஒரு பங்கு தோட்டத்து மாரியம்மன் திருவிழாப் பந்தலாகத் திரும்பி வரலாம். இதைவிடக் கச்சிதமான ஒரு சுழற்சியை எந்தக் கணக்கப்பிள்ளையாலும் வகுத்திருக்க முடியாது.

1920களின் இறுதியில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படைக் கூலி, போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தத்தில் அதுவும் சரிந்தது. இங்கே கவனிக்க வேண்டியது தொகையைவிட, பெண்ணுக்கும் தனிக்கூலி இருந்தது என்பதே. தோட்டத்து மனைவி வீட்டுக்குள் காத்திருந்தவள் அல்லள். அவளும் அதே விடியலில் அதே காட்டில் நிரை பிடித்தவள். செக்ரோலில் அவள் பெயரும் இருந்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளை ஒன்றாக வைத்துப் படித்தால் கூலிக்கும் கள்ளுக்கும் உள்ள தொடர்பு தெளிவாகும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, துரை எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை ஆகியவற்றோடு, பெண்களிடம் அதிகாரிகள் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தன. தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தொழிலாளர்கள் கேட்டவற்றுள் கள்ளுக்கடை மூடல் கூலி உயர்வோடு ஒரே மூச்சில் வந்தது தற்செயல் அல்ல. கூலியும் கள்ளும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

3. ஏட்டில் உள்ள பாட்டு

இரா. தண்டாயுதம் தொகுத்த மலேசிய நாட்டுப்புறப் பாடல்களும், முரசு நெடுமாறன் போன்றோர் திரட்டியவையும் இத்துறையில் நமக்குள்ள முதன்மைச் சான்றுகள். இலங்கை மலையகத்துக்கு சி.வி. வேலுப்பிள்ளை 1983இல் வெளியிட்ட 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' இத்தகைய ஒரு சான்று. தேயிலைக்கும் ரப்பருக்கும் வேறுபாடு உண்டு என்றாலும் லயம் என்னும் வரிசை வீட்டு வாழ்க்கைக்குப் பொதுமை உண்டு.

இத்தகைய தொகுப்புகள் பெரும்பாலும் தாலாட்டு, காதல், தொழில், ஒப்பாரி என்ற பகுப்பில் அமைகின்றன. தமிழ் நாட்டார் வழக்காற்றியல் தமிழ்நாட்டில் வகுத்துக்கொண்ட பகுப்பு இது. மலாயாவுக்கும் அப்படியே பொருத்தப்பட்டது. இதில் 'குடிப்பாட்டு' என்றொரு தலைப்பு இல்லை. எனவே குடியைத் தேடுகிற ஆய்வாளர் தொழிற்பாடல், கேலிப்பாடல் பகுதிகளில் ஆண் குரலில் வரும் சில பாடல்களைக் கண்டு அவற்றையே எடுத்துக்காட்டுகிறார். ஆனால் குடி மிகுதியாகப் பேசப்படுவது வேறிடத்தில். தொட்டில் ஆட்டும் தாய் பிள்ளையிடம் தகப்பனைப் பற்றி முறையிடுகிறாள். தமிழ்த் தாலாட்டில் இது பழைய உத்தி: நேரே கணவனிடமோ மாமியாரிடமோ சொல்ல முடியாததைப் பேச்சு வராத குழந்தையிடம் சொல்வது. சுவர் மெல்லிய லயத்து வீட்டில் அது பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும். கேட்க வேண்டும் என்றுதான் பாடுவது. ஒப்பாரியிலும் அப்படியே. இறந்தவனைப் புகழும் வரிகளுக்கு நடுவில், அவன் வைத்துவிட்டுப் போன கடனும் அடகில் போன நகையும் நுழைந்துவிடும்.

இவற்றை நான் கணக்குப் பாட்டு என்பேன். சோகம் உண்டு; ஆனால் சோகம் எண்களோடு வருகிறது. கூலி எவ்வளவு, அரிசிக்கு எவ்வளவு, கடைக்குப் போனது எவ்வளவு, மீதி எங்கே என்பதே இந்த வகையின் உள்ளோட்டம். முறையிடுகிறவள் கைவிடப்பட்ட மனைவியாக மட்டும் பேசவில்லை. கூடச் சம்பாதித்தவளாகப் பேசுகிறாள். தோட்டத்துப் பெண்கள் யாருமே கள் தொடாதவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. உடல் அலுப்புக்குக் குடித்த பெண்களும் இருந்தார்கள். ஆனால் பாட்டில் அவள் ஏற்கும் நிலை குடிப்பவளுடையது அல்ல, கணக்குக் கேட்பவளுடையது.

தமிழ்க் கவிதை மரபிலேயே குடிக்கு இரண்டு குரல்கள் உண்டு. புறநானூற்றில் அதியமான் மறைவுக்கு ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில் கள்ளைப் பகிர்ந்துகொள்வது வள்ளலின் அன்புக்கு அடையாளம். திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. கொண்டாடும் பாணன், கண்டிக்கும் ஆசான். தோட்டத்துத் தாலாட்டு இந்த இரண்டிலும் சேராது. அது மூன்றாவது குரல். அதற்குப் புலமை மரபில் இடம் ஒதுக்கப்படவே இல்லை.

4. பதிவான மனைவி: ஓர் ஒப்பீடு

இதே காலத்தில் உலகின் இன்னொரு மூலையில் உழைப்பவர்களின் குடிப்பாட்டு எப்படிப் பண்டமாயிற்று என்று பார்ப்பது பயன்தரும். 1927 கோடையில் விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு அமெரிக்காவின் டென்னசி, வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகருக்குப் போய், மலைப்பகுதிப் பாடகர்களை வரவழைத்துப் பதிவு செய்தார். கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராட்ஜர்ஸும் அங்கே கிடைத்தவர்கள். கன்ட்ரி இசை என்ற வணிகம் அதிலிருந்து வளர்ந்தது. பியரைக் கொண்டுவந்தது அன்பு அல்ல; மில் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் தங்கள் குரலிலேயே தட்டு கிடைத்தால் காசு கொடுத்து வாங்குவார்கள் என்ற கணக்கு.

அந்த வணிகத்தில் குடிப்பாட்டு ஒரு தனி வகையாயிற்று. 1953இல் வெப் பியர்ஸ் பாடிய 'தேர் ஸ்டாண்ட்ஸ் த கிளாஸ்' 12 வாரம் முதலிடத்தில் நின்றது. காதல் முறிந்தவன் மதுக்கடையில் தனியே உட்கார்ந்து எதிரே உள்ள கோப்பையோடு பேசுகிறான். வேறொருவர் முன்பே பதிவு செய்திருந்த பாட்டு அது. பியர்ஸின் குரலில்தான் நிலைத்தது. நாற்பது ஆண்டு கழித்து, கடற்கரை நடைபாதையில் பாடிப் பிழைத்த கறுப்பினப் பாடகர் டெட் ஹாக்கின்ஸ் அதையே பாடினார். 2006இல் வான் மாரிசன். பாடகர் மாற மாற அதே சொற்களின் எடையும் மாறுகிறது. ஒரு பாட்டுக்குப் பல பதிவுகள் இருப்பதன் பயன் இது.

நம் கேள்விக்கு இதைவிட முக்கியமானது அந்த வணிகத்துக்குள் பெண் குரல் நுழைந்த விதம். 1952இல், மதுக்கூடத்துப் பெண்களைப் பழித்த ஓர் ஆண் பாட்டுக்கு எதிர்ப்பாட்டுப் பாடி கிட்டி வெல்ஸ் பட்டியலின் உச்சிக்குப் போனார். கெண்டக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள் லொரெட்டா லின், குடித்துவிட்டு ஆசையோடு வரும் கணவனைத் தள்ளி நிறுத்தும் பாட்டை 1966இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு அது அவருடைய முதல் முதலிடப் பாட்டாயிற்று. நம் தோட்டத்துத் தாய் தொட்டிலிடம் சொன்னதைத்தான் லின் ஒலிவாங்கியிடம் சொன்னார். அங்கே அது விற்றது. இங்கே காற்றோடு போயிற்று.

5. மதராஸிலிருந்து வந்த தட்டு

மலாயாவுக்கு ஒலிப்பதிவு தாமதமாக வரவில்லை. கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் குழு 1903இலேயே சிங்கப்பூரில் மலாய்ப் பாடல்களைப் பதிவு செய்திருக்கிறது. பின்னர் மலாய் பங்சாவான் நாடகப் பாடல்களுக்கும் குரொஞ்சோங் இசைக்கும் சிங்கப்பூரே மையமாயிற்று. தமிழருக்கு மட்டும் ஒலிப்பதிவு என்றால் மதராஸ். அங்கே கச்சேரியும் நாடகப் பாட்டும் தட்டாயின. 1930களிலிருந்து சினிமாப் பாட்டு. ஈப்போக் கடைகளில் வாங்கக் கிடைத்த தமிழ்த் தட்டு பெரும்பாலும் கப்பலில் வந்ததே.

அப்படி வந்த சினிமாவில் குடி முதலிலிருந்தே இருந்தது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1936இல் வந்த 'சதி லீலாவதி'யை எம்.ஜி.ஆரின் முதல் படமாக நினைவில் வைத்திருக்கிறோம். அதன் கதை நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. எஸ்.எஸ். வாசன் எழுதிய அந்தக் கதைக்கு மூலம் ஹென்றி உட் அம்மையாரின் ஆங்கில மதுவிலக்கு நாவல். குடிபோதையில் நண்பனைக் கொன்றுவிட்டதாக நம்பும் நாயகன் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். அதாவது, சினிமாவில் குடி ஒருவனைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பேராக்கில் தோட்டம்தான் ஒருவனைக் குடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. காரணமும் விளைவும் இடம் மாறியதில் அரசியலும் மாறிவிடுகிறது: குடி ஏற்பாடாக இல்லாமல் தனிமனிதனின் சறுக்கலாகிறது.

1949இல் அண்ணாதுரையின் எழுத்தில் என்.எஸ். கிருஷ்ணன் எடுத்த 'நல்லதம்பி' மதுவிலக்கை வலியுறுத்தியது. மதராஸ் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்த சமயம் அது. கிருஷ்ணனும் அவர் மனைவி மதுரமும் இணைந்த நகைச்சுவை மரபில் புருஷனைக் கேள்வி கேட்கும் பெண்ணுக்கு இடம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவள் சிரிக்க வைக்கிறவள். அழுகைக்கு உரிமை அவளுக்கு இல்லை.

திருப்பம் 1953. வெப் பியர்ஸின் பாட்டு வந்த அதே ஆண்டில் நாகேஸ்வர ராவ் நடித்த 'தேவதாஸ்' தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்தது. சி.ஆர். சுப்பராமன் இசையில் கண்டசாலாவின் குரல், காதலை இழந்து குடித்தே மடியும் ஜமீன் வீட்டுப் பிள்ளையைத் தமிழுலகின் தலைமைக் குடிகாரன் ஆக்கியது. இதன் பின் வந்த திரைக் குடிப்பாடல்கள் பெரும்பாலும் தேவதாஸின் தம்பிகள். பாடுபவனே குடிப்பவன். கையில் இருப்பது கள்மொந்தை அல்ல, புட்டி. காரணம் காதல் தோல்வி, கூலி அல்ல. தனியே பாடுகிறான்.

தனிமை என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. புட்டி காத்திருக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், நள்ளிரவில் திறக்கலாம், எதிரே வைத்துக்கொண்டு பேசலாம். கோப்பையை விளித்துப் பாடும் அமெரிக்கப் பாட்டும், புட்டியோடு தள்ளாடும் தேவதாஸும் காய்ச்சி வடித்த மதுவின் குழந்தைகள். கள்ளை அப்படி வைத்துக்கொண்டு தத்துவம் பேச முடியாது. அது நேரம் குறித்த, கூட்டமான, கொட்டகைக்குள் நிகழும் குடி. அங்கே தனிமனித சோகத்துக்கு இடம் குறைவு. கேலிக்கும் சண்டைக்கும் இடம் அதிகம். தோட்டத்தில் சோகப் பாட்டு கடைக்கு உள்ளே அல்ல, வெளியே, லயத்தில் பிறந்தது.

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிக் காட்டிய படங்களும், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியும், வானொலியும் இந்தப் பாடல்களை ஆண்களின் வாயில் ஏற்றின. இதன் உச்சமாக 1972இல் வந்த 'நீதி'யைச் சொல்லலாம். கண்ணதாசன் எழுத, விசுவநாதன் இசையமைக்க, டி.எம். சௌந்தரராஜன் பாடிய அதன் குடிப்பாட்டு, மறுநாள் முதல் விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்யும் லாரி ஓட்டுநரின் குரல். படத்தின் கதையோ வேறு. குடிபோதையில் வண்டி ஏற்றி ஒருவனைக் கொன்றவனை, செத்தவனின் குடும்பத்துக்கே உழைத்துப் போட வேண்டும் என்று நீதிமன்றம் அனுப்புகிறது. சௌகார் ஜானகி நடித்த அந்த விதவைதான் கதையின் அறக்கணக்கு. ஆனால் இசைத்தட்டு கதையைச் சுமக்காது. கடைத்தெருவுக்கும் கல்யாண வீட்டுக்கும் வந்து சேர்ந்தது ஓட்டுநரின் பாட்டு மட்டுமே. விதவை திரையிலேயே தங்கிவிட்டாள். குடித்தவன் பாடுகிறான், சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், கணக்குக் கேட்க ஆள் இல்லை. சௌந்தரராஜனின் குரல்வளத்தைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. அந்த வளமே சிக்கல்: அவ்வளவு அழகாக வருந்துகிறவனிடம் யார் அரிசிக் காசைக் கேட்பது?

6. பதிவாகாமைக்குக் காரணங்கள்

வாங்கும் சக்தி முதல் காரணம். 40 காசு கூலிக்காரியை நம்பி யாரும் தட்டு அச்சிட மாட்டார்கள். ஆனால் இது முழு விளக்கம் ஆகாது; பியரின் மலைப்பகுதிப் பாடகர்களும் செல்வர்கள் அல்லர்.

இரண்டாவது காரணம் சீர்திருத்தவாதிகளின் கூச்சம். பெரியாரின் 1929-30 மலாயாப் பயணமும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' இதழும் தமிழரின் தன்மதிப்பை உயர்த்த முனைந்தன. அந்த நோக்கில் கள் அவமானச் சின்னம். ஒப்பாரியும் கும்மியும் பின்தங்கிய வழக்கம். மதுவிலக்குக்குத் தாங்களே புதுப் பாட்டு எழுதிப் பரப்பியவர்கள், லயத்தில் ஏற்கெனவே பாடப்பட்டுக்கொண்டிருந்த மதுவிலக்குப் பாட்டைச் செவிமடுக்கவில்லை. இது அவர்கள் சாதனையைக் குறைக்காது என்றாலும், இந்தச் செவிட்டுத்தனத்துக்கு நாம் கொடுத்த விலை பெரிது.

மூன்றாவது, அரசியல். 1946-47இல் கெடாவில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடை மறியலைக் கூட்டுச் செயலாக்கியது; பீடோங்கில் போலீசாரோடு மோதல் வந்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் அருகே மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் வந்தது. போர்க்குணமுள்ள சங்கங்கள் ஒடுக்கப்பட்டன. கள்ளைக் கூலிப் பிரச்சினையாகப் பேசிய இயக்கம் அதோடு முடங்கியது. தேவதாஸ் வந்தது அந்த அமைதிக்குள். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று வாதிட மாட்டேன். கள்ளை ஏற்பாடாகப் பார்க்கும் மொழி ஓய்ந்த நேரத்தில் அதைத் தனிச்சோகமாகப் பார்க்கும் மொழி வந்து அமர்ந்தது என்பதே என் வாதம்.

அதன் பின் நடந்தது தெரிந்த கதை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தடுக்கச் சுங்கை சிப்புட்காரரான வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் தாமான் என்னும் நகர்க் குடியிருப்புகளுக்கும் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் நகர்ந்தார்கள். கள்ளுக்கடைகள் மூடப்பட, சிறு புட்டிகளில் மலிவுச் சம்சு வந்தது; பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்து நெடுங்காலம் எழுதியது. திரையில் முன்பே வந்துவிட்ட புட்டி வாழ்க்கைக்கும் வந்து சேர்ந்தது.

7. எங்கே தேடுவது

தாலாட்டும் ஒப்பாரியும் மேடைக்கு உரியவை அல்ல. ஒன்றுக்குக் குழந்தை வேண்டும், மற்றதற்குச் சாவு வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியோடு பிற்பகலில் வந்து உட்கார்ந்து 'பாட்டி, கள்ளுப்பாட்டு ஏதாவது தெரியுமா' என்று கேட்பவருக்குச் சினிமாப் பாட்டோ கேலிப்பாட்டோதான் கிடைக்கும். அதையும் பக்கத்தில் இருக்கும் தாத்தா பாடிக் காட்டுவார். கேள்வியே ஆண்குரலைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. அச்சேறிய தொகுப்புகளில் மெட்டு இல்லை. யாரிடம் கற்றார், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், பாடும்போது யார் உடனிருந்தார் என்ற விவரங்கள் பெரும்பாலும் இல்லை. தொகுப்பாளருக்கு நாகரிகமாகப் படாத வரிகள் அச்சுக்கு முன்னரே உதிர்ந்திருக்கவும் கூடும்.

ஆகவே, ஏற்கெனவே உள்ள தொகுப்புகளைத் தலைப்புப் பகுப்பைப் பொருட்படுத்தாமல் மறுபடி படிப்பது முதல் வேலை. கடை, அடகு, கடன், அரிசி, சம்பள நாள் ஆகிய சொற்கள் வரும் இடங்களைத் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் இன்னும் இருக்கும், தோட்டத்தில் பிள்ளை வளர்த்த மூதாட்டியரிடம் குடியைப் பற்றிக் கேட்காமல், பிள்ளைகளை எப்படித் தூங்க வைத்தார்கள் என்று கேட்பது. சம்பள நாளன்று பாடியதும் மற்ற நாளில் பாடியதும் ஒன்றுதானா என்பதைத் தனியே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவில் மெட்டும் இருக்க வேண்டும், தோட்டத்தின் பெயரும் இருக்க வேண்டும்.